மூன்றாம் பேஸ் ஓரமாக ஐந்து நாட்கள்

நாள் 1, செவ்வாய்: பாஸ்டன்

சென்ற ஆண்டு பிப்ரவரியில் மகள் வீட்டுக்கு வந்து பனியில் அடைபட்டுக் கிடந்தேன். எதிர்வீட்டுப் பெரியவர், தெருவில் பனியை வாரித் தள்ளிக்கொண்டு போன லாரியைக் காட்டி ஒரு செய்தி சொன்னார். பாஸ்டன் ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணிக்கு மேனேஜராக இருந்த ஒருவர், அந்தப் பதவிக்கு வருமுன் குளிர்காலங்களில் மாசசூசெட்ஸ் டர்ன்பைக் நெடுஞ்சாலையில் இதே போன்ற வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தாராம். பெயர் ஜோ மார்கன். நான் நம்பவில்லை. இந்திய கிரிக்கெட் அணியின் பயிற்சியாளர் மழைக்காலத்தில் மாநகராட்சி லாரி ஓட்டினார் என்றால் நாம் நம்புவோமா? பிறகு தேடிப் படித்தேன். பெரியவர் சொன்னது உண்மைதான்.

இப்போது 2024 ஜூன். அந்த மனிதர் நடமாடிய இடங்களில் எனக்கு எட்டியவற்றைப் பார்த்துவிடுவது என்று கிளம்பியிருக்கிறேன். மகளுக்கு வருத்தம். "நியூயார்க்கில் உலகக் கோப்பை கிரிக்கெட் நடக்கிறது, அதை விட்டுவிட்டு யாரோ ஒருவரைத் தேடி அலைகிறீர்களே அப்பா" என்றாள். மாப்பிள்ளை வாயைத் திறக்கவில்லை. அவர் புத்திசாலி.

ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடுகிறேன். பேஸ்பால் தெரிந்தவர்களிடம் ஜோ மார்கன் என்றால் சின்சினாட்டி ரெட்ஸ் அணியின் புகழ்பெற்ற இரண்டாம் பேஸ் ஆட்டக்காரரைத்தான் நினைப்பார்கள். (பேஸ் என்பது ரன் எடுக்க ஓட்டக்காரர் வரிசையாகத் தொட்டுவர வேண்டிய நான்கு இடங்களில் ஒன்று.) பேஸ்பாலின் ஆண்டு இறுதிப் போட்டியான உலகத் தொடரில், 1975இன் ஏழாவது ஆட்டத்தில் கடைசி இன்னிங்ஸில் அடித்து ரெட் சாக்ஸின் வாயில் மண்ணைப் போட்டவர் அவர். என்னுடைய ஜோ மார்கன் வேறு. அமெரிக்க பேஸ்பாலின் உச்சப் படியான பெரிய லீகில் ஐந்து அணிகளுக்கு மொத்தம் 88 ஆட்டங்கள் ஆடி, .193 சராசரியோடு மூட்டை கட்டியவர். அதாவது ஆயிரம் முறை மட்டை பிடித்தால் 193 முறைதான் உருப்படியாக அடிப்பார். அந்த ஊரில் .300 என்றால் நட்சத்திரம். .200க்குக் கீழே போனால் அனுதாபம்.

மகளின் ஊரான நேட்டிக்கிலிருந்து ரயில் பிடித்து, ரெட் சாக்ஸின் மைதானமான ஃபென்வே பார்க் போனேன். 1912இல் திறந்த மைதானம். ஒரு மணி நேரச் சுற்றுலாவில் பசுமைப் பூதம் என்று அழைக்கப்படும் இடப்புறச் சுவர்மேல் அமரவைத்தார்கள். பதினொரு மீட்டருக்கு மேல் உயரம். நம் ஊர்க் கோவில் மதில்போல் இருக்கிறது. ஸ்கோர் பலகையில் இன்னும் கையால்தான் எண்களை மாட்டுகிறார்கள். வழிகாட்டிப் பெண் ரெட் சாக்ஸின் பழைய நட்சத்திரம் டெட் வில்லியம்ஸைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். மார்கன் பெயரை எடுக்கவில்லை. நான் கேட்டதும் முகம் மலர்ந்து, "என் அப்பாவுக்கு அவரைத்தான் பிடிக்கும்" என்றார்.

அந்தக் கதை நடந்தது 1988 கோடையில். ரெட் சாக்ஸ் 43 வெற்றி, 42 தோல்வி என்று இழுத்துக்கொண்டிருந்தது. முதலிடத்துக்கு ஒன்பது ஆட்டம் பின்னால். ஜூலை நடுவில் மேனேஜர் ஜான் மெக்னமாராவை நீக்கினார்கள். வேறு ஆள் கிடைக்கும்வரை பார்த்துக்கொள்ளட்டும் என்று, மூன்றாம் பேஸ் ஓரத்தில் நின்று ஓட்டக்காரர்களுக்குக் கைகாட்டிக்கொண்டிருந்த மார்கனிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். வயது 57. அணி தொடர்ந்து 12 ஆட்டங்கள் வென்றது. முதல் 20 ஆட்டங்களில் 19 வெற்றி. ஃபென்வேயில் மட்டும் தொடர்ச்சியாக 24 வெற்றி, பெரிய லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகில் சாதனை. அதில் முதல் சில மெக்னமாரா காலத்தவை என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவர் பாவம். தற்காலிகம் என்ற சொல்லை நிர்வாகம் ஓசையில்லாமல் எடுத்துவிட்டது. ஊர் இதற்கு மார்கன் மாயம் என்று பெயர் வைத்தது.

ஆனால் எனக்குப் பிடித்தது அந்த வெற்றிகள் இல்லை. பதவிக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஜிம் ரைஸ் மட்டை பிடிக்க வேண்டிய நேரத்தில் மார்கன் அவரைத் திரும்ப அழைத்து, பந்தை மெல்லத் தட்டி வைப்பதற்காக ஸ்பைக் ஓவனை அனுப்பினார். ரைஸ் யார்? 1978இல் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கியவர், அணியின் பெருந்தலை. அவருக்குப் பதிலாக ஓவனா? ரைஸ் கோபத்தில் மார்கனை, ஆட்டக்காரர்கள் அமரும் டகவுட்டுக்குப் பின்னால் உள்ள நடைவழிக்கு இழுத்துப் போனார். கொஞ்ச நேரம் கழித்து மார்கன் வெளியே வந்து, இந்த ஒன்பது பேருக்கும் மேனேஜர் நான்தான் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். ரைஸுக்கு மூன்று ஆட்டத் தடை.

88 ஆட்டம் ஆடியவருக்கு இந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது? அதைத் தேடித்தான் இந்த அலைச்சல்.

நாள் 2, புதன்: வால்போல்

அவர் பிறந்த ஊர். பாஸ்டனிலிருந்து தென்மேற்கே ஃபிராங்க்ளின் ரயிலில் முக்கால் மணி நேரம். இறங்கினேன், நடந்தேன், காபி குடித்தேன், திரும்பினேன். பார்க்க ஒன்றுமில்லை என்று சொல்ல மாட்டேன். மரங்கள் இருக்கின்றன, மரவீடுகள் இருக்கின்றன, தேவாலயக் கோபுரம் இருக்கிறது. நியூ இங்கிலாந்தில் எல்லா ஊரிலும் இவை இருக்கின்றன.

அவர் 1930 நவம்பரில் இங்கே பிறந்து, பாஸ்டன் காலேஜில் ஐஸ் ஹாக்கியும் பேஸ்பாலும் ஆடி, 1952இல் அப்போது பாஸ்டனில் இருந்த பிரேவ்ஸ் அணியிடம் கையெழுத்திட்டார். மறு ஆண்டே அந்த அணி மில்வாக்கிக்குக் குடிபெயர்ந்துவிட்டது! சொந்த ஊர் அணியில் சேர்ந்த சந்தோஷம் அவருக்கு ஒரு குளிர்காலம் நிலைத்திருக்கும்.

திரும்பும் ரயிலைத் தவறவிட்டேன். என் தவறுதான், எதிர் நடைமேடையில் நின்றிருந்தேன்.

நாள் 3, வியாழன்: பட்டக்கெட்

இன்றைக்கு எழுத நிறைய இருக்கிறது. முழங்கால் வலியோடு எழுதுகிறேன்.

பட்டக்கெட் ரோட் ஐலண்டு மாநிலத்தில் இருக்கிறது. சென்ற ஆண்டு திறந்த புதிய ரயில் நிலையம். முதலில் பிளாக்ஸ்டோன் ஆற்றங்கரையில் ஸ்லேட்டர் மில்லைப் பார்த்தேன். சாமுவேல் ஸ்லேட்டர் என்ற இங்கிலாந்துக்காரர் நூற்பு இயந்திரங்களின் அமைப்பை மனத்தில் ஏற்றிக்கொண்டு கப்பலேறி வந்து, நீர்விசையால் பருத்தி நூற்கும் தொழிலை 1790இல் இங்கே தொடங்கினார். இப்போது நிற்கும் மஞ்சள் கட்டடம் 1793இல் எழுந்தது. அருவியின் இரைச்சல் மட்டும் அப்படியே இருக்கிறது, மில்கள் போய்விட்டன.

அங்கிருந்து மெக்காய் மைதானத்துக்கு நடந்தேன். வெயிலில் நல்ல தூரம். சதுப்பு நிலத்தைத் தூர்த்து 1942இல் கட்டி முடித்த மைதானம். கட்டியபோது மேயர் மெக்காயின் மடத்தனம் என்று ஊரே சிரித்ததாம். பிறகு அவர் பெயரையே வைத்தார்கள். கேட்டில் பூட்டு. சுற்றிலும் கம்பி வேலி. உள்ளே புல் இடுப்பளவு இருக்கும் என்று தோன்றியது. 2020உடன் அணி இங்கிருந்து போய்விட்டது. இதை இடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் கட்டப்போகிறார்கள்.

இங்கேதான் மார்கன் 1974 முதல் 1982 வரை ஒன்பது பருவங்கள் மேனேஜர். பட்டக்கெட் ரெட் சாக்ஸ், ஊர் வழக்கில் பாசாக்ஸ், பெரிய அணிக்கு ஒரே ஒரு படி கீழே. ட்ரிபிள் ஏ என்பார்கள். இந்தப் படியில் மேனேஜராக இருப்பது விசித்திரமான உத்தியோகம். உங்கள் நல்ல ஆட்டக்காரரை நீங்கள் நன்றாகத் தயார்செய்த அன்றே பாஸ்டன் பிடுங்கிக்கொள்ளும். அங்கே சோபிக்காதவரை உங்களிடம் திருப்பி அனுப்பும். அந்தச் செய்தியை அவரிடம் சொல்ல வேண்டியவரும் நீங்களே. 1977இல் திவாலான இந்த அணியை பென் மாண்டர் என்ற முன்னாள் மில் முதலாளி வாங்கி நிமிர்த்தும்வரை, சம்பளம் வருமா என்ற கவலை வேறு.

மைதானத்தின் டகவுட்டுகள் பார்வையாளர் இருக்கைகளுக்கு அடியில், தரைமட்டத்தில் இருந்தன. அதனால் ஆட்டக்காரர்களைக் கைநீட்டித் தொட முடியாது. பிள்ளைகள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். காலிப் பால் கேனில் ஒரு ஓட்டை வெட்டி, பந்தையும் பேனாவையும் உள்ளே போட்டு, கயிற்றில் கட்டி மேலிருந்து இறக்குவார்கள். கீழே உள்ளவர் கையெழுத்திட்டதும் கிணற்றில் நீர் இறைப்பதுபோல் மேலே இழுத்துக்கொள்வார்கள். வேலி வழியாக அந்த விளிம்பைத் தேடினேன். என் கோணத்தில் தெரியவில்லை.

இனி அந்த இரவு.

1981 ஏப்ரல் 18, ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை. நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் ரெட் விங்ஸ் வந்திருந்தது. விளக்குக் கோளாறால் அரை மணி தாமதம், 8.25க்கு ஆட்டம் தொடங்கியது. பார்வையாளர்கள் 1,740 பேர். பேஸ்பாலில் டிரா கிடையாது. ஒன்பது இன்னிங்ஸில் முடிவு வராவிட்டால் வரும்வரை ஆட வேண்டும். ஒன்பது முடிந்தபோது 1-1. நள்ளிரவுக்குப் பிறகு குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் புது இன்னிங்ஸ் தொடங்கக் கூடாது என்ற விதி அந்த ஆண்டு நடுவர்களிடம் இருந்த கையேட்டில் விடுபட்டிருந்தது. எழுதியிருப்பதைத்தான் செய்வோம் என்றார்கள் நடுவர்கள். இவர்களைப் போன்ற அதிகாரிகளை நான் முப்பது ஆண்டு வங்கி வேலையில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

21ஆம் இன்னிங்ஸில் ராச்செஸ்டர் ஒரு ரன் எடுத்தது. அப்பாடா என்று எல்லோரும் மூச்சுவிட்டபோது, பட்டக்கெட்டின் வேட் பாக்ஸ் அடித்துச் சமன் செய்துவிட்டார். சொந்த அணியினரே தன்னைக் கட்டித் தழுவுவார்களா, குத்துவார்களா என்று தெரியாமல் நின்றதாக அவர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். குளிர் தாங்காமல் ஆட்டக்காரர்கள் உடைந்த மட்டைகளையும் பெஞ்சுப் பலகைகளையும் பீப்பாயில் போட்டு எரித்தார்கள். காற்று உள்நோக்கி வீசி, எல்லை தாண்டிய பந்தையே திருப்பிக் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள்.

22ஆம் இன்னிங்ஸில் மார்கன் நடுவரோடு சண்டை போட்டார். வெளியேற்றிவிட்டார்கள். யோசித்துப் பாருங்கள், நள்ளிரவு தாண்டிவிட்டது, உறைபனி, உள்ளே இருப்பவர்கள் எல்லாம் வெளியே போகத் தவிக்கிறார்கள், இவர் ஒருவருக்குத்தான் விடுதலை கிடைத்திருக்கிறது. வால்போலுக்குக் காரில் போனால் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். வீட்டில் போய்ப் படுத்திருக்கலாம். அவர் போகவில்லை. பேட்டருக்குப் பின்னால் உள்ள தடுப்பில் ஒரு ஓட்டை இருந்தது. அதில் கண்ணை வைத்து நின்று மீதி ஆட்டத்தைப் பார்த்தார். மேலும் பத்து இன்னிங்ஸ், அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கும் அதிகமாக!

லீக் தலைவரை அதிகாலையில் எப்படியோ தொலைபேசியில் பிடித்து எழுப்பினார்கள். 32 இன்னிங்ஸ் முடிந்து 4.07க்கு ஆட்டம் நின்றது, 2-2. ஈஸ்டர் ஞாயிறு விடியப்போகிறது. இருக்கைகளில் மிஞ்சியவர்கள் 19 பேர். பட்டக்கெட்டின் பந்துவீச்சாளர் லூயிஸ் அபோன்டே வீட்டுக்குப் போனபோது, பேஸ்பால் ஆடிவிட்டு வருகிறேன் என்றதை மனைவி நம்பவில்லை, கதவைத் திறக்கவில்லை. பத்திரிகையில் செய்தி வரும் என்று சொல்லிச் சமாளிக்கலாம் என்றால், அச்சுக்கு நேரமாகிவிட்டதால் அன்றைய பத்திரிகையிலும் வரவில்லையாம்.

ஜூன் 23இல் மிச்சத்தை ஆடினார்கள். பெரிய லீகில் அப்போது வேலைநிறுத்தம், எழுத ஆட்டம் இல்லாத நிருபர்கள் எல்லோரும் இங்கே வந்து குவிந்தார்கள். பதினெட்டே நிமிடத்தில் 33ஆம் இன்னிங்ஸில் டேவ் கோஸா அடித்தார், மார்ட்டி பேரட் ஓடிவந்தார், பட்டக்கெட் வென்றது. மொத்தம் 8 மணி 25 நிமிடம்.

அந்த இரவு இரு அணிகளின் மூன்றாம் பேஸில் நின்றவர்கள் வேட் பாக்ஸும் ராச்செஸ்டரின் கால் ரிப்கன் ஜூனியரும். இருவரும் பின்னாளில் பேஸ்பால் மேதைகளுக்கான ஹால் ஆஃப் ஃபேம் என்ற புகழ் மண்டபத்துக்குப் போனார்கள். வெற்றி ரன்னைக் கொடுத்த கோஸா பெரிய லீகில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நாயோடு வந்த ஒரு பெண்மணி, ஏதாவது தொலைத்துவிட்டீர்களா என்று கேட்டார்.

நாள் 4, வெள்ளி: வீடு

முழங்கால் வீங்கிவிட்டது. மகள் ஐஸ் கட்டி வைத்துவிட்டு, சொல்லிக் காட்டாமல் போனாள். அது சொல்லிக் காட்டுவதைவிட மோசம்.

படுத்தபடி மார்கனின் ஆட்ட வாழ்க்கையைப் படித்தேன். 1959 முதல் 1964 வரை மில்வாக்கி, கன்சாஸ் சிட்டி, ஃபிலடெல்ஃபியா, கிளீவ்லாந்து, செயிண்ட் லூயிஸ். எங்கும் வேர் பிடிக்கவில்லை. ஆனால் 1964இல் ஜாக்சன்வில் என்ற ட்ரிபிள் ஏ அணிக்காக ஆடி, இன்டர்நேஷனல் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கியிருக்கிறார். வயது 33. அடுத்த படிக்கு ஒரு முழம் குறைவு, இந்தப் படிக்கு ஒரு முழம் அதிகம் என்ற அளவில் சிலர் இருப்பார்கள். சென்னை லீகில் மூன்றாம் டிவிஷனில் விக்கெட் கீப்பராக இருந்த எனக்கு இந்த வகை ஆட்களைத் தெரியும். எனக்கு இரண்டு முழம் குறைவு.

1966இல் வட கரோலினாவில் ராலே என்ற ஊரில் மேனேஜர் ஆனார். அதிலிருந்து 1988 வரை கணக்குப் போட்டால் 22 ஆண்டுகள். இடையில் 1980இல் ரெட் சாக்ஸுக்கு மேனேஜர் தேவைப்பட்டது. ரால்ஃப் ஹூக்கைக் கொண்டுவந்தார்கள். 1984இல் மறுபடி தேவைப்பட்டது. மெக்னமாராவைக் கொண்டுவந்தார்கள். வீட்டிலேயே ஒருவர் இருந்தார். ரைஸோடு நடைவழிக்குள் போனவர் இவ்வளவையும் பார்த்துவிட்டுப் போனவர். அந்த இடத்தில் பயப்பட அவரிடம் என்ன மிச்சமிருந்திருக்கும்?

நாள் 5, சனி: வூஸ்டர்

எழுதுவது ஒரு மாதிரி, உச்சரிப்பது வேறு மாதிரி. வூஸ்டர் என்றால்தான் இங்கே புரிகிறது.

மாப்பிள்ளை காரில் அழைத்துப் போனார். வழி, மாசசூசெட்ஸ் டர்ன்பைக். பாஸ்டனிலிருந்து நியூயார்க் எல்லைவரை 220 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் சாலை. நாங்கள் போனது அதில் ஒரு துண்டு. ஜூன் மாதத்துப் பச்சைக்கு நடுவே பனியைக் கற்பனை செய்வது கஷ்டமாக இருந்தது. "சென்ற பிப்ரவரியில் அலுவலகம் போய்வரும்போது இதே இடத்தில் மூன்று மணி நேரம் நின்றேன் மாமா. கடைசியில் பனி வண்டி வந்துதான் வழி கிடைத்தது" என்றார் மாப்பிள்ளை. மார்கன் வண்டி ஓட்டியது, மைனர் லீக் எனப்படும் கீழ்ப்படி லீகுகளில் சம்பளம் ஆடும் மாதங்களுக்கு மட்டும்தான் என்ற காலம். பருவம் செப்டம்பரில் முடிந்தால் ஏப்ரல்வரை அடுப்பு எரிய வேண்டுமே.

பட்டக்கெட் அணி 2021இல் இங்கே வந்து வூசாக்ஸ் ஆகிவிட்டது. புதிய மைதானம் போலார் பார்க் இருக்கும் பகுதிக்குக் கால்வாய் வட்டாரம் என்று பெயர். எந்தக் கால்வாய்? 1828இல் வூஸ்டரையும் பிராவிடன்ஸையும் இணைக்க வெட்டிய பிளாக்ஸ்டோன் கால்வாய். அதே ஆறு. வூஸ்டரில் பிறந்து பட்டக்கெட்டில் அருவியாய் விழுகிற ஆற்றின் வழியே அணி மேல்நோக்கி ஏறி வந்திருக்கிறது. பட்டக்கெட்டில் இதைச் சொன்னால் ரசிக்க மாட்டார்கள்.

இருக்கை மூன்றாம் பேஸ் பக்கம் கிடைத்தது. இந்த 2024 பருவத்தில் மேனேஜர் சாட் ட்ரேசி. தந்தை ஜிம் ட்ரேசி பெரிய லீகின் டாட்ஜர்ஸ் அணிக்கு மேனேஜராக இருந்தவர். மகன் மைனர் லீகிலேயே ஆடி ஓய்ந்தவர், பெரிய லீகில் ஒரு ஆட்டமும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், அரிசோனாவுக்குப் பல ஆண்டுகள் ஆடிய இன்னொரு சாட் ட்ரேசி இருக்கிறார். இந்த நாற்காலிக்கும் இரட்டைப் பெயர்களுக்கும் என்ன பொருத்தமோ.

பந்தெறிய இத்தனை விநாடி என்று கடிகாரம் ஓடுகிறது. மூன்று மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. மைனர் லீகில் 2018 முதல், ஆட்டம் பத்தாவது இன்னிங்ஸுக்குப் போனால் இரண்டாம் பேஸில் ஒரு ஓட்டக்காரரை இலவசமாக நிறுத்திவிடுகிறார்கள், சீக்கிரம் முடியட்டும் என்று. 33 இன்னிங்ஸ் இனி நடக்காது. பந்துவீச்சாளர்களின் தோளுக்கு நல்லதுதான். அபோன்டேயின் மனைவிக்கும். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை.

ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்தபோது பேட்டருக்குப் பின்னால் உள்ள தடுப்புவரை நொண்டிக்கொண்டு போனேன். கீழே மெத்தை வைத்த சுவர், மேலே மெல்லிய வலை. ஓட்டை எதுவும் இல்லை. அங்கே நின்ற வயதான காவலரிடம், மேனேஜரை நடுவர் வெளியேற்றினால் இங்கே எங்கே போய் நிற்பார் என்று கேட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நிற்பானேன்? உள்ளே அவருடைய அறைக்குப் போவார். அங்கே டிவி இருக்கிறது" என்றார்.